டார்ச் பவளத்தைப் பிழைக்க வைத்தவர்களுக்கு நன்றி

சிங்கப்பூரில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூடத்தில் உள்ள 200 லிட்டர் தொட்டியில் வளரும் டார்ச் பவளம் (பல தலைகளில் நீண்ட உணர்கரங்கள் கொண்ட ஒரு கல்பவளம்) சாகும் நிலைக்குப் போய் மீண்டிருக்கிறது. அதை மீட்ட மூவருக்கும் என் குடும்பத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறேன். அவர்கள் செய்ததை விவரமாகச் சொல்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. இதே அறிகுறி வேறு தொட்டிகளிலும் தோன்றக்கூடும்.

முதல் நன்றி அடுத்த புளோக்கில் வசிக்கும் பெரியவருக்கு. விரல் நீளத்துக்கு நீண்டு நீரோட்டத்தில் அசைய வேண்டிய உணர்கரங்கள் உள்ளே சுருங்கி, தலைகளின் ஓரத்தில் சதை விலகி, சுண்ணாம்பு எலும்பின் வெள்ளை விளிம்பு வெளியே தெரிந்தது. செய்தி அறிந்த அன்றிரவே வந்தவர், தொட்டி விளக்கை அணைக்கச் சொல்லி, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். நோயின் அறிகுறியான பழுப்புக் கூழ் எங்கும் படியவில்லை. சதையைத் தின்னும் தட்டைப்புழுக்களும் இல்லை. சதைக்குள் வாழும் நுண்பாசிகள் வெளியேறியிருந்தால் நிறம் வெளுத்திருக்கும். இதில் நிறம் அப்படியே இருந்ததால் வெப்பத்தையும் விளக்கையும் சந்தேகிக்கக் காரணமில்லை, நீரைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அடுத்து, நீரைச் சோதித்துத் தந்த மீன் கடை அம்மையாருக்கு நன்றி. கால்சியம் 420 இருக்க வேண்டிய இடத்தில் லிட்டருக்கு 370 மில்லிகிராமும், மக்னீசியம் 1,300-க்குப் பதில் 1,150-உம், காரத்தன்மை 7-க்குப் பதில் 6.2 டிகேஎச்-உம் (காரத்தன்மையின் அலகு) இருந்தன. மூன்றும் குறைவு என்றால் மூன்று புட்டி மருந்தை எடுத்து நீட்டுவது வியாபாரத்துக்கு நல்லது. அவரோ, எதையும் ஊற்ற வேண்டாம் என்று தடுத்தார். பவளம் எலும்பு கட்டும்போது 20 மில்லிகிராம் கால்சியத்துக்கு 2.8 டிகேஎச் காரத்தன்மை செலவாகும். அந்தக் கணக்கில் 50 மில்லிகிராம் கால்சியம் குறைந்திருந்தால் காரத்தன்மை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும், மக்னீசியமோ அவ்வளவாக இறங்கியிருக்காது. மூன்றும் ஒரே விகிதத்தில் இறங்கியிருப்பதால் குறைந்திருப்பது உப்புதான் என்று அவர் விளக்கினார். உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், கடல்நீருக்கு உரிய 35 (கிலோவுக்கு 35 கிராம் உப்பு) காட்டுகிறதே என்று நான் சொன்னதற்கு, அந்தக் கருவியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று பதில் வந்தது. இந்த ஒரு பதிலுக்காக மட்டுமே அவருக்குத் தனி மடல் எழுதலாம்.

கருவியைச் சோதித்துக் கொடுத்தவர் என் மகளின் வேதியியல் ஆசிரியர். சுத்தமான சோடியம் குளோரைடு 36.5 கிராமை 963.5 கிராம் தூய நீரில் கரைத்தால், அக்கரைசல் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 உப்புத்தன்மை கொண்ட கடல்நீரைப் போலவே காட்ட வேண்டும். எங்கள் கருவி 39 காட்டியது. அப்படியானால் தொட்டியின் உண்மையான உப்புத்தன்மை 31-க்கு அருகில்தான். வெறும் தூய நீரில் சுழியத்துக்குச் சரிசெய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நாம் அளக்கும் இடம் 35 என்பதால் அந்த இடத்திலேயே சரிபார்ப்பதுதான் முறை என்பது இப்போது என் உறுதியான கருத்து.

உப்பு எங்கே போனது என்பதையும் பெரியவரே கண்டுபிடித்தார். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியின் குவளையில் கெட்டியான கரும் நுரைக்குப் பதிலாக வெளிர்மஞ்சள் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. அப்படி வெளியேறிய உப்புநீருக்கு ஈடாகத் தானியங்கி நிரப்பி நன்னீரைச் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. குவளையை உயர்த்திப் பொருத்தியதும் நுரை கெட்டியானது.

நீரைத் திருத்தியதில் அவசரமே காட்டப்படவில்லை. நாள்தோறும் ஆவியாகும் ஏறத்தாழ 3 லிட்டருக்கு ஈடாக நன்னீருக்குப் பதில் 35 உப்புத்தன்மை உள்ள உப்புநீரைச் சேர்க்கச் சொன்னார்கள். அதனால் உப்புத்தன்மை நாளுக்கு அரை அலகுதான் (0.5) ஏறியது. நீரோட்டத்தைத் தணித்து, விளக்கின் பிரகாசத்தையும் குறைத்து வைத்தோம். உப்பு ஏறியபோது மற்ற மூன்றும் தாமாகவே உரிய இடத்துக்கு வந்தன. ஒரு தலையைக் காப்பாற்ற முடியவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம். மற்றவை உணர்கரங்களை முழுமையாக நீட்டுகின்றன; ஓரங்களில் புதுச்சதை எலும்பின் மேல் ஏறத் தொடங்கியிருக்கிறது.

கல்பவளங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிர்கள். கடலில் இருக்க வேண்டியதை வீட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்கு அதன் உயிர்மீது பெரும் பொறுப்பு உண்டு. என் பொறுப்பில் பங்கெடுத்துக்கொண்ட பெரியவருக்கும், அம்மையாருக்கும், ஆசிரியருக்கும் மீண்டும் மனமார்ந்த நன்றி.

ஆசிரியர் தயாரித்துத் தந்த கரைசல் இறுக மூடிய புட்டியில் மீதமிருக்கிறது. தங்கள் ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்க்க விரும்பும் அக்கம்பக்கத்து அன்பர்கள் தயங்காமல் வீட்டுக்குக் கொண்டு வரலாம். சில துளிகள் போதும்.