தாயக்கட்டை, சாவிக்கொத்து, இன்சுலின்: எங்க பாப்பாவுக்கு புரிய வச்சவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன், நாளைக்கு நவம்பர் 14, குழந்தைகள் தினம்னு ஸ்கூல்ல ஒரே குஷி, எங்க வீட்டுக்கு அது சர்க்கரை நோய் தினமும் கூட (இன்சுலின் கண்டுபிடிச்ச பாண்டிங், நேரு மாமா ரெண்டு பேருக்கும் ஒரே பிறந்தநாள், எனக்கே போன வருஷம்தான் தெரியும்), அதனால இன்னைக்கே உக்காந்துட்டேன்.

பாப்பாவுக்கு டைப் 1 சர்க்கரை நோய்னு தெரிஞ்சப்ப 7 வயசு. குடம் குடமா தண்ணி குடிச்சா, ராத்திரி படுக்கையிலயே போக ஆரம்பிச்சா, உடம்பு குச்சியா இளைச்சுப்போச்சு, வெயில்னு நினைச்சுக்கிட்டோம். வாந்தியும் மூச்சு வாங்குறதுமா தூக்கிட்டு ஓடுனப்ப சுகர் 500க்கு மேல. ஆஸ்பத்திரியில முதல்ல பார்த்த டாக்டர் அவ தலைக்கு மேலயே எங்ககிட்ட பேசினார், "லைஃப் லாங் ஊசி"ன்னார், அவ என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. எனக்கு என்னம்மான்னு கேட்டதுக்கு காய்ச்சல்னு சொன்னேன். பத்து நாள் கழிச்சு கேக்குறா, காய்ச்சல்தான் போயிருச்சே, இன்னும் எதுக்கு ஊசின்னு. வாயடைச்சு நின்னேன்.

முதல் நன்றி வார்டு சிஸ்டருக்குத்தான். சிஸ்டர், நீங்க அன்னைக்கு நைட் டியூட்டி. அலமாரி சாவிக்கொத்த கையில எடுத்துக்கிட்டு, வார்டுல முழிச்சுக்கிட்டு இருந்த மூணு பிள்ளைங்கள கூப்பிட்டு, ஸ்டூலெல்லாம் வீடு, மருந்து பாட்டில் மூடியெல்லாம் சர்க்கரை, வராண்டாதான் ரத்தம்னீங்க. வீட்டுக்குள்ள இருக்கவங்க பசியில கிடக்காங்க, சர்க்கரை வெளிய தெருவுல குவிஞ்சு கிடக்கு, கதவு பூட்டியிருக்கு, யார்கிட்ட சாவி? பாப்பாதான் இன்சுலின். அவ ஓடி ஓடி திறந்தா. சாவி செய்யுற பட்டறை கணையத்துல இருக்கு, அத நம்ம உடம்போட போலீஸே திருடன்னு நினைச்சு நொறுக்கிருச்சு, அதான் சாவிய ஊசியில அனுப்புறோம்னு சொன்னீங்க. போலீஸ் ஏன் தப்பா அடிச்சுச்சுன்னு கேட்டா. பெரிய டாக்டர்களுக்கே அது முழுசா தெரியாதுடா தங்கம்னீங்க. பொய் சொல்லாம விட்டீங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் அவ வாயத் திறந்தா, சாமிக்கு வச்ச லட்ட எடுத்து தின்னேன், அதுக்குத்தானே இதுன்னு. பெத்தவ என்கிட்ட சொல்லல, உங்ககிட்ட சொன்னா. லட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு நீங்க சொன்னப்ப நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுட்டு வந்தேன், இப்ப சொல்றேன்.

அடுத்து என் கொழுந்தன், பாப்பாவோட சித்தப்பா. சார்ட்டு பேப்பர்ல பரமபதம் வரைஞ்சு கொண்டு வந்தாரு. ஊசி போட்டுட்டு சாப்பிடாம விளையாடப் போயிட்டா பாம்பு, சுகர் 70க்கு கீழ சறுக்கிரும். கை நடுங்குதுன்னு மிஸ்கிட்ட சொன்னா ஏணி. சறுக்குனவங்க குளுக்கோஸ் 15 கிராம்னு கத்திட்டு ஒரு ஆட்டம் சும்மா இருக்கணும், அதுதான் 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்றதுக்கு கணக்கு. அதுல ஒரு பாம்புக்கு "ஸ்வீட் தின்னுட்ட"ன்னு எழுதியிருந்தாரு, செக்கப்புக்குப் போனப்ப சிஸ்டர் பார்த்துட்டு பேனாவால அடிச்சுட்டாங்க. தின்னுட்டு மறைச்சா பாம்பு, தின்னுட்டு சொன்னா ஏணி, சொன்னாத்தானே ஊசி அளவ டாக்டர்கிட்ட கேட்டு சரி பண்ண முடியும்னாங்க. எனக்கு இதுல அதுதான் பெரிய பாடம், நானும் அதுவரைக்கும் லட்டு டப்பாவத்தான் ஒளிச்சு வச்சுக்கிட்டு இருந்தேன்.

அண்ணன் மகனுக்கும் ஒரு தேங்க்ஸ். 1995லயே அமெரிக்காவுல சூப்பர் நின்டெண்டோங்கிற வீடியோ கேம் மெஷினுக்கு பேக்கி அண்ட் மார்லன்னு ஒரு கேம் வந்திருக்காம், சர்க்கரை நோய் இருக்குற ரெண்டு யானைங்க கேம்புக்குப் போய் இன்சுலினையும் சாப்பாட்டையும் பார்த்துப் பார்த்து சமாளிக்குமாம். அத தேடி வீடியோ காட்டுனான். யானைக்கும் ஊசியான்னு பாப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்.

கிளாஸ் டீச்சர் மிஸ், நீங்க அந்த பரமபதத்த கிளாஸுக்குள்ள விட்டீங்க, வேற யாராச்சும்னா வம்பு எதுக்குன்னு சொல்லியிருப்பாங்க. பி.டி. பீரியட்ல பாப்பா ஒண்ணும் பேசாம வேர்த்து உக்காந்தப்ப பக்கத்து பெஞ்சு புள்ளதான் ஓடி வந்து "மிஸ், இவ பாம்புக் கட்டத்துல இருக்கா"ன்னுச்சாம். சுகர் 58 இருந்துச்சு. குளுக்கோஸ் குடுத்து கால் மணி நேரத்துல 92. அந்த புள்ளைக்கு நான் என்ன குடுத்தாலும் ஈடாகாது, அவங்க அம்மா வேற வீட்டுக்கு வந்தா ஒரு காபி கூட குடிக்க மாட்டேங்குறாங்க.

விளையாடுனதால ஊசி ஒண்ணும் குறையல, இன்னும் சில நாள் ராத்திரி வேண்டாம்னு அழத்தான் செய்றா. ஆனா எதுக்கு போடுறோம்னு கேக்குறதில்ல, எந்தப் பக்கம் போடணும்னு அவளே காட்டுறா, நேத்து இடது தொடை, இன்னைக்கு வலதுன்னு.

தம்பி, சார்ட்டு மடிச்சு மடிச்சு நடுவுல கிழிஞ்சுபோச்சு, புதுசு வரையுறப்ப கெட்டி அட்டையில வரைங்க. பாம்புக்கு இந்தத் தடவை மீசை வேணுமாம்.