மதுரைப் பக்கத்து டூ வீலர் மெக்கானிக்குகளுக்கு: கழற்றிய பாகத்தை எங்கள் கையில் கொடுங்கள்

மதுரைக்குள்ளும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ரோடுகளிலும் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன்மாருக்கும், அவர்களிடம் தொழில் பழகும் தம்பிமாருக்கும் வணக்கம்.

திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் நாற்பது சென்டில் மல்லிகை போட்டிருக்கிறேன். விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பூப்பறித்து, சாக்கில் கட்டி, வண்டியில் ஏற்றி, கப்பலூரில் ரிங் ரோட்டைப் பிடித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போவேன். மல்லிகைக்கு அரும்பாக இருக்கும் வரைதான் விலை. வெயில் ஏற ஏற மொட்டு வாய் திறக்கும், விலை இறங்கும். என் பிழைப்பு ஓடுவது 2014இல் வாங்கிய ஒரு 100 சிசி வண்டியில். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இத்தனை வருடம் அது ஓடுகிறதென்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். அந்த உரிமையில் கேட்கிறேன். வேலையை எங்கள் கண் முன்னால் செய்யுங்கள். கழற்றிய பாகத்தை எங்கள் கையில் கொடுங்கள். வண்டிக்கு ஆகாத ஒன்றை நாங்கள் செய்யச் சொன்னால், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பங்குனி மாதம். முதல் நாள் சாயங்காலம் ஒரு பட்டறையில் ஆயில் மாற்றினேன். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்து வண்டி வெளியே நின்றது. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அதிகாலை பூச்சாக்கோடு ரிங் ரோட்டில் போகிறேன், மண்டேலா நகர் தாண்டியதும் கருகின வாடை. பிரேக்கில் வைத்த செருப்பு வழுக்கியது. ஓரம் கட்டி, செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் என்ஜினுக்கு அடியிலிருந்து ஆயில் நூல் பிடித்த மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. பின் டயரின் ஓரத்திலும் தெறித்திருந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர் போயிருந்தால் என்ஜின் இறுகி நின்றிருக்கும், இல்லை டயர் வழுக்கி நான் விழுந்திருப்பேன். அந்த வழியாக வந்த குட்டியானையைக் கையைக் காட்டி நிறுத்திப் பூச்சாக்கை ஏற்றிவிட்டேன். அது மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது நல்ல விலை முடிந்திருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அவனியாபுரம் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அண்ணனுக்கு. வண்டியைச் சாய்த்துப் பிடித்து, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பழைய ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் மரையில் வெள்ளி ஜிகினா மாதிரி ஏதோ சுற்றியிருந்தது. என்ஜின் அடிப்பாகத்தின் அலுமினியம் அது. போல்ட் இரும்பு, அது ஏறும் இடம் அலுமினியம். ஆள் பலத்தைக் காட்டி முறுக்கினால் தோற்பது அலுமினியம்தான். அப்புறம் வாஷரைக் காட்டினார். பல தடவை நசுங்கி, ஒரு பக்கம் தேய்ந்து தகடாகியிருந்தது. வாஷரை மாற்றாமல் விட்டதால் ஒவ்வொரு தடவையும் லேசாகக் கசிந்திருக்கிறது. கசிவை நிறுத்த ஒவ்வொரு தடவையும் போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கிறார்கள். கடைசி இறுக்கில் மரை போய்விட்டது. ஒரு டீ விலைகூடப் பெறாத வாஷர் அது.

மரை வெட்டும் டேப்பால் மரையை ஒரு சைஸ் பெரிதாக்கி, உள்ளே விழுந்த துகள் வெளியே வருகிற மாதிரி கொஞ்சம் ஆயில் விட்டுக் கழுவி, பெரிய போல்ட்டையும் புது வாஷரையும் போட்டார். “முதல்ல விரலாலயே கடைசி வரைக்கும் ஏத்தணும் தம்பி. விரலுக்கு ஏறலைன்னா மரை சாஞ்சிருக்கு, அங்கேயே நிறுத்திரணும். அப்புறம் சின்ன ஸ்பானர்ல வாஷர் அமுங்குற அளவு. அவ்வளவுதான்” என்றார். வீட்டில் அந்தப் பழைய போல்ட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஆயிலை நானே மாற்றிக்கொள்கிறேன். இதனால் அவருக்கு என்ன நஷ்டம் வந்தது? மற்ற எல்லா வேலைக்கும் நான் அவரிடம்தான் போகிறேன். எங்கள் தெருவில் ஆறு வண்டி அவரிடம் போகிறது. தொழிலைக் காட்டிக் கொடுத்தால் ஆள் வரமாட்டான் என்று சில பட்டறைகளில் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் நேர் எதிராக இருக்கிறது.

ஆயிலைப் பற்றி இன்னொன்று. நம் சின்ன வண்டிகளில் என்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட் ஆயிலில் முங்கியபடியே சுற்றுகிறது. வீட்டில் காருக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறது, அதையே ஊற்றுங்கள் என்று யாராவது டின்னைக் கொண்டுவந்தால் தயவுசெய்து ஊற்றாதீர்கள். கார் ஆயில் பலவற்றில் வழவழப்புக்காகச் சேர்க்கிற சமாச்சாரம் கிளட்ச்சை வழுக்கவிட்டுவிடும். டின்னில், ஆயிலில் முங்கிய கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான குறியான ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று அவரையே படிக்க வையுங்கள். மொத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் பிடிக்கும். அதில் 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. ஊற்றி முடித்ததும் அளவுகோலை எடுத்துக் காட்டுங்கள். அதைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதையும் சொல்லிக் கொடுங்கள்.

டாப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) விஷயத்தில் தப்பு எங்கள் மேல்தான் அதிகம். “சத்தம் வருது, அமுக்கி விடுங்க” என்கிறோம். நீங்களும் இறுக்கி விடுகிறீர்கள், வண்டி கப்சிப் என்று ஆகிவிடும், நாங்கள் சந்தோஷமாகப் போய்விடுவோம். இடைவெளி இல்லாமல் இறுக்கிய டாப்பெட்டில், என்ஜின் சூடானதும் வால்வு முழுசாக மூடாது. உள்ளே இருக்க வேண்டிய அழுத்தம் (கம்ப்ரெஷன்) கசியும், காலையில் பத்து உதை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது, நாளாக ஆகக் கரிந்துபோவது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு. லேசான டிக் டிக் சத்தம் இருந்தால் அது நல்லதுக்குத்தான் என்று எங்களிடம் சொல்லுங்கள். இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து உடனே டாப்பெட் பார்க்கச் சொன்னால், என்ஜின் ஆறாமல் தொடமாட்டேன் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்கிறவர் கோபித்துக்கொள்ளட்டும். அடுத்த தடவை உங்களிடமே வருவார்.

செயினுக்கு வருகிறேன். காசு மிச்சம் என்று செயினை மட்டும் மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். அப்போது செயின் ஓடும் பல்சக்கரமான பழைய ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிப் புதுசுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து அரிவாள் மூக்கு மாதிரி இருக்கும். அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டால் சீக்கிரமே அதுவும் தேய்ந்துவிடும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை, பார்த்தாலே புரியும். கழற்றிய பாகத்தைக் கொடுங்கள் என்று நான் கேட்பதே இதற்காகத்தான்.

பிரேக். 2019 ஏப்ரலில் 125 சிசி வரைக்கும் உள்ள புது வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லையென்றால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கினார்கள். சிபிஎஸ் வண்டியில் காலால் மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்க வேண்டும். என் மச்சினன் வண்டியில் ஷூ மாற்றியவர்கள் பின் சக்கரத்தை மட்டும் சரி பண்ணிவிட்டு இணைப்புக் கேபிளைத் தொங்கலாக விட்டிருந்தார்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரம் தூக்கலாக இருக்கும்படி ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி, பெடலை மிதித்து அது பிடிக்கிறதா என்று ஓனருக்குக் காட்டி அனுப்புங்கள். ஒரு நிமிட வேலை. டிரம்மில் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் விடாதீர்கள்; ஈரத் துணியால் துடையுங்கள். உங்கள் நெஞ்சுக்காகச் சொல்கிறேன்.

இனி ஆல்டர். ஏதாவது மாற்றக் கேட்டு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. என்னை மாதிரி ஆளுக்குக் கேரியர் வேண்டும், பூச்சாக்கு நிற்க வேண்டும். அவனியாபுரத்து அண்ணன் ஃபிரேமில் வெல்டிங் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே இருக்கும் போல்ட் துவாரங்களிலேயே ஏறுகிற மாதிரி லேத்தில் பட்டை அடித்து மாட்டினார். இன்று வரை ஆடவில்லை. 45 கிலோ யூரியா மூட்டை ஏற்றுகிற அன்றைக்குப் பின் ஷாக்கில் ஸ்பிரிங்கை இறுக்குவதற்கு இருக்கும் படியை இரண்டு ஏற்றி வைக்கலாம், அதற்குக் காசே இல்லை என்றும் அவர்தான் சொன்னார். அது வரைக்கும் அந்தப் படி எதற்கு இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. பின் டயரில் காற்று, தனியாகப் போக 28 என்றால் பாரத்துக்கு அதற்கு மேல். எவ்வளவு என்று வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளலாம். சேலைக் கார்டைக் கழற்றச் சொன்னால் கழற்றாதீர்கள். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. பின்னால் உட்காருகிறவள் என் மனைவி, அவள் முந்தானை.

இன்னொரு வகை, பதினெட்டு இருபது வயசுத் தம்பிகள். சைலன்சரைக் குடைந்து விடு, கண்ணாடியைக் கழற்று, அகல டயர் போடு, லைட்டை மாற்று என்பார்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 (புகை அளவு விதி) வண்டியின் புகைப்பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால், புகையை அளந்து பெட்ரோல் அளவைச் சரி செய்ய உதவும் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கும். அதைக் குடைந்தால் பெட்ரோல் கணக்கே தவறிப் போகும். 35 வாட் பல்பு இருக்கிற இடத்தில் 60 வாட் பல்பைப் போட்டால் ஹோல்டர் உருகும், எதிரே வருகிறவனுக்குக் கண் இருட்டும். சட்டமும் லேசாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு பதிவுப் புத்தகத்தில் உள்ளதை மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அந்த ஐயாயிரம் அந்தப் பையனின் அப்பா பாக்கெட்டிலிருந்து போகும். இதை அவனிடம் போலீஸ் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பான். பட்டறை அண்ணன் பேச்சுக்கு அந்த வயதில் தனி மரியாதை. கேட்காமல் வேறு கடைக்குப் போனால் போகட்டும்.

எங்கள் பக்கத்துக்கும் நான் பேச வேண்டும். லேபரில் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து இன்றைக்கே வேண்டும் என்கிறோம். எங்கோ சல்லிசாக வாங்கிய பிரேக் ஷூவை நீட்டி இதைப் போடு என்கிறோம். நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: சீட் கவர், சைடு பேனல், இண்டிகேட்டர் கண்ணாடி, மட் பிளாப் எல்லாம் லோக்கல் போதும். பிரேக் ஷூ, கேபிள், டயர், செயின் செட், வீல் பேரிங் எல்லாம் ஒரிஜினல்தான். காசில்லாத மாதம் வந்தால் சீட் கிழிந்தே கிடக்கட்டும். எனக்குக் காட்டிச் செய்கிற வேலைக்கு லேபரில் நான் பேரம் பேசமாட்டேன். காட்டிச் செய்ய நேரம் கூட ஆகும், அதற்கும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக அவனியாபுரத்து அண்ணனுக்கு ஒரு சேதி. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து பட்டறையில் விடுகிறேன், டாப்பெட் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க ஆறட்டும். ஞாயிறு பூவை மச்சினன் கொண்டுபோய்விடுவான். நான் ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன். நான் வந்த பிறகு மூடியைக் கழற்றுங்கள் அண்ணே.

இப்படிக்கு,
திருமங்கலம் பக்கத்து மல்லிகைக்காரன்