பொட்டுக்கடலை டாக்டரம்மாவுக்கு

உறையூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கமலா,

இங்கே எல்லோரும் நலம். நாலு மாதமாக எழுதாததற்கு நேரில் திட்டிக்கொள். மொட்டை மாடி ஒழுகல், இவருக்குக் கண் ஆபரேஷன், பேத்திக்கு அம்மை, எல்லாம் வரிசை கட்டி வந்து போயின. போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். கடிதம் என்றால் முழுதாக வாசித்துத்தான் ஆகவேண்டும்.

உமா வியாழக்கிழமை சொன்னாள், நீ ஆஸ்துமா பம்ப் எடுப்பதை நிறுத்திவிட்டாயாம். யாரோ நடத்திய மூன்று நாள் முகாமுக்குப் போனாயாம். கண்ணை மூடி, நுரையீரலைத் தாமரைப் பூவாக நினைத்து, ஒவ்வொரு இதழாக விரிக்க வேண்டுமாம். ஒரு மண்டலமாக வீசிங் இல்லையாம். 'வசந்தா, அவ முகத்துல ஒரு தேஜஸ் தெரியுது' என்கிறாள் உமா. உமாவுக்கு யார் முகத்தில்தான் தேஜஸ் தெரியவில்லை? நம் வார்டன் முகத்திலேயே பார்த்தவள்.

கேலி செய்கிறேன் என்று கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. கேலி செய்கிற யோக்கியதை எனக்கு இல்லை. கொடைக்கானல் டூரில் ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு, 'எங்க பாட்டி வைத்தியம், தண்ணி குடிக்காம முழுங்கு' என்று ஒரு பொட்டலம் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? மலை ஏறி இறங்கும் வரை வயிறு கப்சிப். அது பொட்டுக்கடலை மாவு என்று நீ ஒப்புக்கொள்ளப் பத்து வருஷம் ஆயிற்று. என் முதல் டாக்டர் நீதான்.

இப்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உமாவிடம் போகக்கூடாது. என் வயிறு உனக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்ட் போர்டைப் பார்த்தாலே கலக்கும். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாயிற்று. குடலில் ஒரு கோளாறும் இல்லை, ஐ.பி.எஸ். (போலீஸ் இல்லை, இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்று பெயர் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு கட்டுரை வாசித்தேன். ஹார்வர்டில் இருக்கும் டெட் காப்சுக் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 2010-இல் என்னைப் போல 80 வயிற்றுக்காரர்களைக் கூட்டி ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். ஒரு பாதிப் பேருக்கு மாத்திரையே கிடையாது. மறுபாதிக்கு, 'இதில் மருந்து ஒன்றும் இல்லை, வெற்று மாத்திரை' என்று முகத்துக்கு நேராகச் சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரம். டாக்டர் பேச்சுக் கொடுத்ததும் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு. தேவலை என்றவர்கள் வெற்று மாத்திரையில் 100-க்கு 59 பேர், சும்மா இருந்தவர்களில் 35.

ஏமாற்றவே இல்லையடி, அதுதான் எனக்கு ஆச்சரியம். நீ என்னை ஏமாற்றினாய், வேலை செய்தது, சரி. தெரிந்தே விழுங்கினாலும் வேலை செய்யுமா? ஹோமியோபதி சாமான் விற்கும் கடையில் மருந்து விடாத வெறும் சர்க்கரை உருண்டை ஒரு புட்டி வாங்கினேன். மேலே 'ஒன்றுமில்லை' என்று எழுதி ஒட்டினேன். காலையில் நாலு, ராத்திரி நாலு. இவர் பார்த்துவிட்டு, 'ஒண்ணுமில்லாததை எதுக்கு வேளை தவறாம சாப்பிடற?' என்றார். பதில் தெரியவில்லை. ஆனால் போன மாதம் மதுரைக் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தேன், நடுவில் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. நானா! மேலூர் தாண்டும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் அந்த 35-ஐ மறக்கக்கூடாது. ஒன்றுமே செய்யாமல் அத்தனை பேருக்குத் தேவலையாகியிருக்கிறது. அம்மாவுக்கு அக்கி வந்தபோது குயவர் வீட்டுத் தாத்தா காவி குழைத்து எழுதினாரே, மூன்று நாலு வாரத்தில் ஆறியது. எழுதாவிட்டாலும் அத்தனை நாளில் அது பெரும்பாலும் ஆறிவிடும். தாத்தாவின் கைராசி என்று ஊரே பேசியது. என் வயிறும் கொஞ்ச நாள் படுத்தும், கொஞ்ச நாள் சும்மா இருக்கும். அதனால் மதுரைப் பெருமையில் உருண்டைக்கு எவ்வளவு பங்கு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பெருமை மட்டும் முழுதாக எனக்கு.

இப்போது உன் நுரையீரல். உன் பக்க நியாயத்தை மறைக்கவில்லை. 1968-இல் அமெரிக்காவில் 40 ஆஸ்துமாக்காரர்களை வெறும் உப்புத் தண்ணீர் ஆவியை இழுக்க வைத்து, 'இது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத சரக்கு' என்று சொல்லியிருக்கிறார்கள். 19 பேருக்கு மூச்சுக்குழாய் நிஜமாகவே இறுகியது, கருவி வைத்து அளந்தது. திணறியவர்களுக்கு அதே உப்புத் தண்ணீரை 'இதுதான் மருந்து' என்று கொடுத்ததும் தெளிந்துவிட்டார்கள். ஆக, மனசு மூச்சைத் தொடும். (இதை வாசிக்கும்போதே உனக்கு இளைத்தால் அது என் கடிதத்தின் வேலை. எழுந்து ஜன்னலைத் திற, தண்ணீர் குடி.)

அடுத்ததை இரண்டு தடவை வாசி. 2011-இல் வந்தது. அதே காப்சுக் அதிலும் உண்டு. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு நாள் நிஜ பம்ப், ஒரு நாள் மருந்தில்லாத பம்ப், ஒரு நாள் போலி அக்குபங்சர், ஒரு நாள் சும்மா உட்கார வைத்தல் என்று மாற்றி மாற்றிச் செய்தார்கள். 'எவ்வளவு தேவலை?' என்று கேட்டால் நிஜ பம்புக்கு 50 சதவீதம், மருந்தில்லாத பம்புக்கு 45, போலி ஊசிக்கு 46. சும்மா இருந்ததற்கு 21. கிட்டத்தட்ட நிஜத்துக்குச் சமம், இல்லையா? ஆனால் ஊதவிட்டு அளந்தபோது, நிஜ பம்பில் மூச்சின் அளவு 20 சதவீதம் கூடியது. மற்ற மூன்றுக்கும் வெறும் 7. சும்மா இருந்ததற்கும் 7, போலிக்கும் 7.

புரிகிறதா கமலா? மூச்சு சுகமாகிவிட்டது என்று வாய் சொல்கிறது, உள்ளே குழாய் திறக்கவே இல்லை. என் வயிற்றில் அளக்க ஒன்றுமில்லை, எனக்குத் தேவலை என்றால் தேவலைதான், அங்கே உருண்டை போதும். உனக்கு உள்ளே வீக்கம் இருக்கிறது. தினமும் எடுக்கச் சொன்ன பம்ப் அந்த வீக்கத்தை அடக்கி வைப்பதற்கு. நிறுத்திய மறுநாளே தெரியாது. ஒரு மண்டலம் தாமரையாகவே தெரியும். அப்புறம் ஒரு பனிக்காற்று, ஒரு சளி, பக்கத்து வீட்டில் ஒரு ஊதுபத்தி போதும்.

ஸ்டெல்லாவின் தம்பியை நினைத்துப்பார். அவனும் 'பழகிவிடும், அடிமையாகிவிடுவேன்' என்றுதான் பம்பைத் தூக்கி அலமாரி மேலே போட்டான். அன்று ராத்திரி ஹாஸ்டல் வாசலில் ஸ்டெல்லா ஒற்றைக் காலில் செருப்போடு நின்றாள். நீயும் நானும்தான் ஆட்டோவில் கூடப் போனோம். அதைப் பற்றி நாம் இதுவரை பேசிக்கொண்டதே இல்லை. இப்போதும் வேண்டாம்.

தாமரையை விடச் சொல்லவில்லை. காலையும் மாலையும் விரி, இதழை எண்ணு, பயம் குறைந்தால் நல்லதுதானே. பம்பையும் எடு. பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழல் மெடிக்கலில் கிடைக்கும், ஊதினால் முள் நகர்ந்து எண் காட்டும். தாமரைக்கு முன்னால் ஒரு தடவை ஊது, பின்னால் ஒரு தடவை ஊது, இரண்டையும் காலண்டரில் குறி. மளிகைக் கணக்கில் எட்டணா விடாதவளுக்கு இதெல்லாம் சொல்லித் தரவேண்டுமா? அந்தக் காலண்டரோடு உன் பழைய டாக்டரிடம் போ. அவரிடம் கோபம் என்றால் வேறு ஒருவரிடம் போ. நுரையீரல் டாக்டர் கோயம்புத்தூரில் ஒருவர்தானா?

வேறு சேதி, மரகதம் மிஸ் மகன் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார். பச்சை டிபன் பாக்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, தர மாட்டேன்.

வருகிற சனிக்கிழமை காலை பஸ் ஏறுகிறேன். ஐந்து மணி நேரம், கரூர், காங்கேயம் வழி. எங்கேயும் இறங்க மாட்டேன் என்று இவரிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன், 'ஒன்றுமில்லை' புட்டி கைப்பையில். மா உருண்டையும் எடுத்து வருகிறேன், பொட்டுக்கடலையில் செய்தது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில். இறங்கியதும் உன் கைப்பையைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். பம்ப் இல்லையென்றால் உருண்டை கிடையாது.

உன்,
கலக்கல் ராணி வசந்தா