பூட்டுத் தொழிலுக்கு வெளியாட்களையும் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் பட்டறையில் உட்கார இளைஞர்கள் வருவதில்லை என்று அடிக்கடி படிக்கிறோம். வர ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறோம், உள்ளே வரத்தான் வழி இல்லை.

நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டறைப் பக்கம் போனதில்லை. காயலான் கடையில் எடைக்குப் போட்ட பழைய பூட்டுகளை வாங்கிவந்து இரவில் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன், அப்படியே பிடித்துக்கொண்டது. இப்போது எங்கள் தெருவில் பீரோ சாவி தொலைந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து தானே கற்றுக்கொள்கிற பையன்களுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கம்பியை விட்டுப் பூட்டைத் திறக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதைத்தான் முதலில் செய்ய நினைக்கிறார்கள். தொழில் அதில் இல்லை. முதலில் கைக்கு அரம் பழக வேண்டும், வெட்டாத சாவி ஒன்றை வாங்கி, பக்கத்தில் அசல் சாவியை வைத்து, பள்ளத்துக்குப் பள்ளம் அளவு பார்த்து ராவி, அது பூட்டுக்குள் முரண்டு பிடிக்காமல் சுற்றும் வரை செய்து பார்க்க வேண்டும். அப்புறம் பூட்டைப் பிரித்து மாட்டப் பழக வேண்டும். நம் கதவில் இருக்கும் சிலிண்டர் பூட்டு, 1860-களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் காப்புரிமை வாங்கிய அதே அமைப்புதான். உள்ளே வரிசையாக நிற்கும் பின்களை, அதாவது சின்ன உலோகக் குச்சிகளை, சரியான சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால் நடு உருளை சுற்றும். அந்த உருளையை வெறுமனே இழுத்தால் ஸ்பிரிங்கும் பின்னும் தெறித்து ஓடிவிடும், அதனால் உருளையின் அதே பருமனில் ஒரு மரக்குச்சியைச் செதுக்கி, உருளை வெளியே வரவர அதைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வர வேண்டும். அடியில் துணி விரித்த தட்டு ஒன்று இருந்தால் விழுந்த பின்னைத் தேட வேண்டியதில்லை. இதெல்லாம் காசு அதிகம் இல்லாமல் எவரும் வீட்டிலேயே செய்யக் கூடியவை.

இறுகிப்போன பூட்டு என்று வருவதில் பாதிக்கு மேல் தேங்காய் எண்ணெய் ஊற்றியவைதான். எண்ணெயில் தூசி சேர்ந்து பசையாகி, உள்ளே இருக்கும் பின்கள் அசையாமல் நின்றுவிடுகின்றன. அதைக் கழுவித் துடைத்துப் பென்சில் கரித்தூள் போட்டாலே போதும்.

ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து கற்க முடியாத விஷயங்களும் இருக்கின்றன. பேருந்து நிலையத்துக்கு எதிரே சாவி போடும் அண்ணன் ஒருவர் அருகில் மாலை நேரங்களில் உட்காரப் போனேன். வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும் என்று யார் வந்து கூப்பிட்டாலும், அங்கே போனதும் அவர் பெட்டியைத் திறக்க மாட்டார். "பக்கத்து வீட்டுக்காரரை ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்க" என்பார். அவர் வந்து "ஆமா, இவங்க வீடுதான்" என்று சொன்ன பிறகுதான் கை வைப்பார். இந்தப் பழக்கத்தை ஒருவர் பக்கத்தில் இருந்துதான் பெற முடியும். ஜெர்மனியில் 1997-லேயே பூட்டு திறப்பதை விளையாட்டாகப் பழகுகிறவர்களுக்குச் சங்கம் அமைத்துவிட்டார்கள். தனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடக்கூடாது என்பது இப்படிப் பழகுகிறவர்களிடையே முதல் விதி. நம் ஊரில் பழகுகிறவனைப் பார்த்ததும் திருடன் என்கிறார்கள். யாரும் பார்க்காமல் ஒளிந்து கற்றுக்கொள்வதைவிட ஊரறியக் கற்றுக்கொள்வதில்தானே எல்லோருக்கும் பாதுகாப்பு?

சரி, முறையாகச் சேரலாம் என்றால் எங்கே போவது? மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் பூட்டுத் தொழிலும் ஒன்று. பயிற்சி, உதவித்தொகை, கருவிகளுக்கு 15,000 ரூபாய் எல்லாம் உண்டு, ஆனால் ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான். குடும்பம் வழிவழியாக அதே தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற குலத்தொழில் நிபந்தனையை எதிர்த்துத் தமிழக அரசு அதை ஏற்கவில்லை, அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பதிலாகத் தமிழக அரசு கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் சாதி, குடும்பத் தொழில் என்ற கேள்வி இல்லை, அது நல்லது. ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். இருபது வயதில் ஆர்வத்தோடு அரத்தைக் கையில் எடுக்கிறவன் அதுவரை என்ன செய்வான்?

திண்டுக்கல்லில் பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. மாங்காய் வடிவில் இருக்கும் மாங்காய்ப் பூட்டின் உள்ளே, சாவி தூக்கும் லீவர் என்ற தகட்டைக் கையால் ராவி, ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராதபடி அமைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசு அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியாட்களுக்கும் வகுப்பு நடத்தச் சொல்லலாம். சேருகிறவர்களின் அடையாள அட்டையைப் பதிவு செய்யட்டும், காவல் நிலையத்தில் விசாரிக்கட்டும், கட்டணமும் வாங்கட்டும். நான் கட்டத் தயார். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் இந்தத் தொழிலைப் பற்றி ஒருமுறை விரிவாக எழுதி, இந்தக் கோரிக்கையைத் தொழில் துறை அதிகாரிகளிடமும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை