ராயபுரத்தை வரை, யாழினி

அன்புள்ள யாழினிக்கு,

கல்லூரியில் ஒரு பழைய கட்டடத்தை அளந்து வரையச் சொல்லியிருக்கிறார்கள், சென்ட்ரலா எழும்பூரா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். வடசென்னையின் ராயபுரம் ரயில் நிலையத்தை எடு.

சென்ட்ரல் 1873-ல் வந்தது, எழும்பூர் 1908-ல். ராயபுரம் 1856! அந்த ஆண்டு ஜூன் 28-ல் கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பம்பாயும் ஹௌராவும் அதற்கு முன்பே ரயிலைப் பார்த்துவிட்டன, சரி. ஆனால் அங்கே அன்று கட்டிய நிலையங்கள் இப்போது இல்லை. நாட்டில் இன்றும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது ராயபுரம்தான்.

ஏன் ராயபுரம் என்று கேட்பாய். அந்தக் காலத்து மெட்ராஸ் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள். தெற்கே கோட்டை, நடுவில் வியாபாரிகள் நிறைந்த கறுப்பர் நகரம் (இன்றைய ஜார்ஜ் டவுன்), கிழக்கே சரக்கு இறங்கும் கடற்கரை. அதையொட்டி வடக்கே ராயபுரம். உள்நாட்டிலிருந்து வருகிற சரக்கு கடலுக்குப் போக இதைவிட நல்ல இடம் எது? பிறகு ஊர் மேற்கிலும் தெற்கிலும் வளர்ந்தது, கூட்டம் சென்ட்ரலுக்குப் போய்விட்டது. 1922-ல் ரயில்வே கம்பெனியின் தலைமையகமும் சென்ட்ரல் பக்கத்தில் கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாறியது.

அப்புறம் பல காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2005-ல்தான் புதுப்பித்தார்கள். புதுப்பித்தது சந்தோஷம். ஆனால் வெளியூர் வண்டிகள் இங்கிருந்து புறப்பட வேண்டும் என்று வடசென்னைக்காரர்கள் எத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள்! அது நியாயமான கோரிக்கை. ஒரு ரயில் நிலையத்துக்கு மரியாதை வெள்ளையடிப்பதில் மட்டும் இல்லை, அதில் ஜனம் ஏறி இறங்க வேண்டும். டெல்லிவரை ஓடும் மின்சார எஞ்சின்கள் பலவற்றின் பக்கவாட்டில் ராயபுரம் பெயர் எழுதியிருக்கும்; அவற்றின் பணிமனை இங்கேதான் இருக்கிறது. எஞ்சின் போகிற ஊருக்கெல்லாம் ராயபுரத்து ஆட்கள் மட்டும் சென்ட்ரலுக்குப் போய்த்தான் வண்டி ஏற வேண்டியிருக்கிறது.

வரும்போது பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடி, அடுத்த ஸ்டேஷன்தான். முகப்பின் தூண் வரிசையை முதலில் வரை. காலையிலேயே வந்துவிட்டால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க நான் வருகிறேன்.

அன்புடன்,
மாமா