அல்பெரூனியை உங்கள் பிள்ளை ஏன் படிக்கப் போகிறார்?

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு அன்பு வணக்கம்.

இந்தப் பருவம் முழுவதும் வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில், இஸ்லாமிய நாகரிகமும் மற்றப் பண்பாடுகளும் ஒன்றிடமிருந்து ஒன்று என்ன கற்றுக்கொண்டன என்பதைப் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். இது மதபோதனையா, பரீட்சைக்கு வருமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. சரி, அப்படியானால் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பல வாரங்களை ஒரே ஒருவருக்கு ஒதுக்கியிருக்கிறோம். அவர் அல்பெரூனி என்ற அறிஞர். வரலாற்றுப் பாடத்தில் கஜினி மாமூதுக்குப் பக்கத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற பெயர். இன்றைய உஸ்பெகிஸ்தானில் அடங்கும் குவாரிசம் பகுதியில் 973இல் பிறந்தவர். 1017இல் மாமூது அந்த நாட்டைப் பிடித்தபோது இவரையும் கஜினிக்குக் கொண்டுபோனார். தன் நாட்டை வென்ற அரசனின் தலைநகரில் இருந்துகொண்டு, அதே அரசனின் படைகள் சூறையாடிய இன்னொரு நாட்டின் நூல்களைப் படிக்கத் தொடங்கினார் அல்பெரூனி. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சமஸ்கிருதம் எவ்வளவு கடினம் என்று அவரே புலம்பியிருக்கிறார். நூல்களைத் தேடிச் சேர்க்கவும், அவற்றை விளக்கத் தெரிந்த பண்டிதர்களைத் தொலைவிலிருந்து வரவழைக்கவும் பணமும் பார்க்கவில்லை, உழைப்பும் பார்க்கவில்லை.

1030 வாக்கில் இந்தியாவைப் பற்றிய பெரிய நூலை எழுதினார். இது எதிராளியை வாதத்தில் வீழ்த்த எழுதிய நூல் அல்ல, இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே வைக்கிறேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். சொன்னபடியே கீதையையும் புராணங்களையும் வானியல், கணித அறிஞர் பிரம்மகுப்தரையும் எடுத்துக்காட்டி, பக்கத்தில் கிரேக்கர்களின் கருத்தையும் வைத்து ஒப்பிடுகிறார். பதஞ்சலியின் யோக நூலை அரபிக்குக் கொண்டுபோனார். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவ கணிதத்தைச் சமஸ்கிருதத்தில் தரவும் முயன்றார்.

அதற்காக எல்லாவற்றையும் அவர் புகழ்ந்துவிடவில்லை. தங்கள் நாட்டைப் போல நாடில்லை, தங்கள் அறிவைப் போல அறிவில்லை என்று இந்தியர்கள் நினைக்கிறார்கள் என்று காட்டமாகவே எழுதினார். மாமூதின் படையெடுப்புகள் இந்த நாட்டின் வளத்தை நாசமாக்கின, முஸ்லிம்கள் மேல் இந்துக்களுக்கு வெறுப்பு மூண்டதற்கு அதுவும் காரணம் என்றும் அதே நூலில் எழுதினார். இரண்டு பகுதிகளையுமே பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுவோம். கசப்பானதை நீக்கிவிட்டு ஒற்றுமை பேசினால் இந்த வயதுப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு வகுப்புக்கு ஒரு விதி வைத்திருக்கிறோம். இன்னொருவரின் நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிற பிள்ளை, அந்த நம்பிக்கை உடையவர் “ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் அதை எடுத்துச்சொல்ல வேண்டும். கேள்வி, மறுப்பு எல்லாம் அப்புறம்தான். நம் பிள்ளைகள் பக்கத்து பெஞ்சுக்காரனின் மதத்தைப் பற்றி அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதைவிட வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். எனக்கு இது பெரிய கவலையாக இருக்கிறது. அதனால்தான் பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கத் துணிந்தேன்.

மற்ற வாரங்களில், பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் வழியாக எட்டாம் நூற்றாண்டில் அரபிக்குப் போய் அங்கிருந்து ஐரோப்பா வரை பரவியதைப் பார்ப்போம். தமிழாசிரியர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தை எடுக்கிறார். உமறுப்புலவர் பாடுகிற அரபு நாட்டில் மழை பெய்யும், ஆறு பெருகி வரும், வயலில் நெல் விளையும். நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் ஊறிய ஒருவர் பாடினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நோட்டில், வேறு மதத்தவரிடம் கேட்க விரும்பும் கேள்விகளை எழுதுவார்கள். வீட்டில் அதைத் திருத்த வேண்டாம், கேள்வி முரட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை. அவற்றுக்குப் பதில் சொல்ல அந்தந்த மதத்தைச் சேர்ந்த பெற்றோர் சிலர் வகுப்புக்கு வந்தால் நல்லது. விருப்பமுள்ளவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி “உன் மதத்தில் இது ஏன்?” என்று கேட்கமாட்டோம். மதத்துக்கே பதில் சொல்கிற சுமையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை மேல் ஏற்றக்கூடாது.

உடன்பாடு இல்லாதவர்களின் பிள்ளைகள் அந்த நேரத்தில் நூலகத்தில் இருக்கலாம். அப்படி முடிவெடுக்கும் முன் ஒருமுறை என்னை வந்து பாருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் அறையில்தான் இருப்பேன்.

இணைத்துள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு, பிள்ளையின் டைரியில் வைத்துத் திங்கட்கிழமைக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்