பாடத்திட்டத்தில் திகதி போடுங்கள்: இணையச் செயலிப் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். இணையச் செயலி எழுதப் படிக்க, காலி வீதியில் உங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஆறு மாதம் சனி, ஞாயிறு தவறாமல் வந்துபோனவள் நான். கிழமை நாட்களில் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கட்டணத்தை மூன்று தவணையில் கட்டினேன். முதல் தவணை கட்டிய மாதம் ஊருக்குக் காசு அனுப்பவில்லை. பாடங்கள் பழையவை என்று எங்களுக்கு முந்திய பட்ச் பிள்ளைகள் உங்களிடம் எழுதிக் கொடுத்த கடிதம் உங்கள் மேசையில் இருக்கும். அதனால் பழைய கதையை மறுபடி சொல்லவில்லை.

போன கிழமை கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் கம்பனிக்கு நேர்முகத்துக்குப் போனேன். வகுப்பில் செய்த புரொஜெக்டைத் திறந்து காட்டச் சொன்னார்கள். புத்தகக் கடை ஒன்றுக்கான செயலி. இரண்டு மாதம் இரவிரவாக இருந்து செய்தது. எதிரே இருந்த அண்ணா மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதை எப்ப படிச்சனீங்கள்?" என்று கேட்டார். போன மாதம்தான் முடித்தேன் என்றேன். அவர் சான்றிதழில் இருந்த திகதியைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப யூஸ் ஸ்டேட் எங்க பாவிக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்" என்றார். அப்படி ஒரு சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தார். அதற்குப் பிறகு அவர் கேட்டது எதுவும் என் காதில் ஏறவில்லை.

நாங்கள் படித்த ரியாக்ட், இணையச் செயலியின் திரைகளை எழுத உதவும் ஒரு மென்பொருள் நூலகம். அதில் ஹுக்ஸ் என்ற புதிய எழுத்து முறை வந்தது 2019 பெப்ரவரியில், 16.8 பதிப்போடு. அந்த அண்ணா கேட்ட யூஸ் ஸ்டேட் அதில் ஒன்று. அதற்குப் பிறகு புதிதாகச் செயலி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த முறையில்தான் எழுதுகிறார்கள். நீங்கள் எங்களுக்கு ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அதற்கு முந்திய கிளாஸ் முறையை மட்டும் சொல்லித் தந்தீர்கள். ரியாக்டுக்கு முதல் நான்கு கிழமை, அதே வேலைக்கான கூகுளின் பழைய கருவியான ஆங்குலர் ஜேஎஸ். அதற்கான ஆதரவை கூகுள் 2021 முடிவோடு நிறுத்திவிட்டது. 2016இல் வந்த ஆங்குலர் வேறு, அது வேறு என்பதைக்கூட நானாகத் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

உங்களிடம் முதலில் கேட்பது இதுதான். பாடத்திட்டத்தில் எந்தப் பதிப்பைக் கற்பிக்கிறீர்கள், கடைசியாக எப்போது திருத்தினீர்கள் என்பதை எழுதி, காசு வாங்குவதற்கு முன்னம் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பென் டிரைவ் விஷயம்.

ரியாக்ட் பாடம் தொடங்கிய அன்று, புதிய செயலிக்கு வேண்டிய கோப்புகளைத் தானாக உருவாக்கித் தரும் கிரியேட் ரியாக்ட் அப் கட்டளையை எல்லோரையும் அடிக்கச் சொன்னார் சேர். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. 2024 டிசம்பரில் ரியாக்ட் 19 வந்த பிறகு அந்தக் கட்டளை பலருக்கு இப்படித்தான் இடையில் முட்டி நின்றது. 2025 பெப்ரவரியில், புதிய செயலிகளுக்கு இனி அதைப் பாவிக்க வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே அறிவித்துவிட்டது. எங்கள் வகுப்பில் என்ன நடந்தது? பழைய பட்ச் ஒன்றின் போல்டரைப் பென் டிரைவில் போட்டு, மேசை மேசையாகக் கொடுத்தார்கள். அதற்குள் இருக்கும், செயலிக்குத் தேவையான பொதிகளை (மற்றவர்கள் எழுதிய கோட் துண்டுகளை) வைக்கும் நோட் மொடியூல்ஸ் என்ற போல்டரில் பல்லாயிரம் குட்டிக் கோப்புகள். கொப்பி ஆவதைக் காட்டும் பச்சைக் கோடு நகர்வதே தெரியாது. இருபத்திரண்டு பேருக்கு ஒரு பென் டிரைவ். என் முறை வந்தபோது பன்னிரண்டரை மணி, வகுப்பு முடிந்துவிட்டது. அடுத்த சனியும் அதே கதை. அந்த இரண்டு சனியும் அந்தச் சிவப்பு எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. எந்தப் பொதி எந்தப் பதிப்போடு ஒத்துவரவில்லை என்று அதில் வரிவரியாக இருக்கிறது. அதை வாசிக்கப் பழக்கியிருந்தால், அந்த ஒரு பாடத்துக்கே முழுக் கட்டணமும் தகும்.

சேரைக் குறை சொல்ல மாட்டேன். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, கேட்ட கேள்விக்குத் தமிழில் பொறுமையாக விளக்கம் சொன்ன மனிதர் அவர். "நான் மாத்தச் சொல்லிப் பாத்தன் பிள்ளை" என்று ஒரு நாள் படியிறங்கும்போது சொன்னார். யாரிடம் சொல்லிப் பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரியும்.

இலவசமாகவே படிக்கலாமே என்று பலர் சொல்கிறார்கள். உண்மைதான். எம்டிஎன், ஃபிரீகோட்கேம்ப் போன்ற இணையத்தளங்கள் இருக்கின்றன, ரியாக்டின் சொந்தக் கையேடு இருக்கிறது. ஒரு சதம் வேண்டாம். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலம். ஹட்டனிலும் மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் தமிழ் மொழியில் உயர்தரம் எழுதிவிட்டு, வெள்ளவத்தையில் அறை எடுத்து உங்களிடம் வருகிற பிள்ளை எதற்காக வருகிறது? விளங்காத இடத்தில் கையை உயர்த்தி, தன் மொழியில் கேட்பதற்கு. அந்தப் பிள்ளையிடம் போய், காலாவதியான பாடத்தை "நவீன" என்று பதாகையில் எழுதிக் காசு வாங்குவது எப்படி முடிகிறது உங்களால்? ஒரு மருந்துக் கடைக்காரர் இப்படிச் செய்தால் ஊர் விடுமா? உங்கள் நிறுவனத்தின் பதிவு இலக்கம் வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பதிவு இருந்தால் போதுமா, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் வேண்டாமா? கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி 2005இலிருந்து இருக்கிறது. எங்களுக்கு அதை ஒரு மணித்தியாலம்கூடக் காட்டவில்லை.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

அடுத்த பட்சுக்கு ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டீர்கள். பதாகையில் அதே பாடங்கள், அதே வரிசை. என் சின்னம்மாவின் மகளும் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். தயவுசெய்து அந்தப் பாடத்திட்டத்தில் பதிப்பு எண்ணையும் திருத்திய திகதியையும் போடுங்கள். போட வெட்கமாக இருந்தால் முதலில் திருத்துங்கள், பிறகு போடுங்கள். எங்கள் பட்சுக்கு மேலதிகக் கட்டணம் கேட்காமல் மூன்று சனிக்கிழமை ஒதுக்கி, விடுபட்டதைச் சொல்லித் தாருங்கள். பத்தொன்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சேரும் சம்மதம்தான்.

இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் ஒரு பதில் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன். பற்றுச்சீட்டுகளின் பிரதியை வரவேற்பறையில் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வார இறுதி வகுப்பின் பழைய மாணவி,
வெள்ளவத்தை, கொழும்பு 6